உப்சியில் நிகழ்ச்சி, நம்ம ஊர்க்காரர்களும் வாங்க

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், அதாவது நாம் எல்லாரும் உப்சி என்று சொல்கிற இடத்தில், தவணைக் கடைசி நெருங்குகிறது. தவணைக் கடைசி என்றாலே அங்கே கலை நிகழ்ச்சிகளின் காலம். இசை படிக்கிற மாணவர்கள் தேர்வுக்காக மேடையேறிப் பாடுவார்கள், வாசிப்பார்கள். நாடகம் படிக்கிற பிள்ளைகள் நாள் கணக்காக ஒத்திகை பார்த்ததை அரங்கேற்றுவார்கள். தமிழ் படிக்கிற மாணவர்கள் கவிதை, பட்டிமன்றம், சிறுகதை என்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவார்கள். இவற்றில் பலவற்றுக்குப் பொதுமக்களும் வரலாம் என்று சுவரொட்டியிலேயே போட்டிருப்பார்கள். நான் போகப் போகிறேன். பேராங்கிலும் சிலிம் ரிவரிலும் களும்பாங்கிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் இருக்கிற நம்ம ஆட்களும் வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேராங்கிலிருந்து மோட்டாரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அங்கே படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவையும் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவர்களையும் விட்டால் நம்ம ஊர்த் தமிழர்கள் அந்த வாசலுக்குள் கால் வைப்பதே அபூர்வம். போன வாரம் மளிகைக்கடையில் ஒரு அக்காவிடம் இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் படிச்சவங்க போற இடம்மா, நம்ம போயி அங்க என்னா பண்றது" என்றார். அவர் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், கோயில் திருவிழாவில் மாரியம்மன் தாலாட்டை முழுசாகப் பாடுகிறவர், ஏடு பார்க்க மாட்டார். அவருக்கு இல்லாத கலை அறிவு வேறு யாருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் மனசில் அந்தக் கட்டடம் வேறு யாருக்கோ கட்டியது.

அந்த எண்ணத்தை மாற்ற வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

உப்சியின் ஆரம்பம் 1922. அப்போது அது பல்கலைக்கழகம் இல்லை, சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி. மலாய்க் கம்பத்துப் பையன்களை, அதாவது கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, பயிற்சி கொடுத்து, கம்பத்துப் பள்ளிகளுக்கே ஆசிரியர்களாக அனுப்பிய இடம். 1924-இல் மொழிபெயர்ப்பு, நூலாக்கப் பணியகமும் அங்கே வந்தது, மலாய் மொழி அறிஞர் பெண்டித்தா ஸாபா அதில் இருந்து வேலை செய்தார். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் அந்த வளாகத்தில் படித்து, எழுதி, நாடகம் போட்டு, பிற்பாடு நாட்டின் எழுத்தாளர்களாகவும் இதழாளர்களாகவும் அரசியல் சிந்தனையாளர்களாகவும் வந்தார்கள். நாவலாசிரியர் ஹாருன் அமினுர்ரஷீத் அங்கேயே படித்து அங்கேயே பாடம் சொல்லிக் கொடுத்தவர். கம்பத்து வீட்டுக்கும் இலக்கியத்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டதே இந்தச் சின்ன ஊரில் இருந்த ஒரு கல்லூரிதான்.

அதே காலத்தில் நமக்கு என்ன நடந்தது? 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும் என்றது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. ஆனால் எத்தனையோ தோட்டங்களில் அது ஒரு கொட்டகை, அவ்வளவுதான். பாடம் சொன்னவர் கிராணியாகவோ (தோட்டக் கணக்குப்பிள்ளை) கங்காணியாகவோ இருப்பார், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து அவர் வந்தால்தான் வகுப்பு. பக்கத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருந்த அதே நாளில் இந்தப் பக்கம் பால்மரக் காட்டுக்குள் நம்ம தாத்தா பாட்டிகள் அந்தக் கொட்டகையில் அரிச்சுவடி படித்தார்கள். இன்றைக்கு அந்தக் கல்லூரி 1997-இலிருந்து பல்கலைக்கழகம். அதில் தமிழ்மொழிக் கல்விக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, தமிழ்ப்பள்ளிகளுக்கும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் போகிற ஆசிரியர்கள் அங்கிருந்து வருகிறார்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் அந்தப் பழைய வளாகத்தில் தமிழில் மேடை ஏறுகிறார்கள். இதைப் பார்க்க நாம் போகாவிட்டால் வேறு யார் போவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நம்ம பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தபோது அங்கே தமிழுக்கு இடம் உறுதியாக வேண்டும், நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" என்ற நிதி இயக்கத்தை நடத்தினார். அந்த நிதியில் பெரிய செல்வந்தர்களின் பணம் மட்டும் இல்லை. தோட்டப் பாட்டாளிகள் கொடுத்த வெள்ளியும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளி என்ன மதிப்பு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தன் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்று கனவுகூடக் காணாத ஒரு மனிதர் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று சம்பளத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் துறைக்குத்தான் 1961-இல் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் தலைவராக வந்தார், அவர் முயற்சியில்தான் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல்கலைக்கழகத் தமிழ் என்பது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய நம்ம லயத்து வீடுகளிலிருந்து போன காசிலும் நின்ற தமிழ். அதனால் "நம்ம இடம் இல்லை" என்ற பேச்சு எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை.

சரி, போனால் என்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது பங்சாவான். மலாய் நாடகம்தானே, நமக்கு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு தாத்தா இருக்கிறார், தோட்டத்தில் இருந்த காலத்தில் திருவிழாவுக்குப் போடுகிற நாடகங்களில் ராஜபார்ட் கட்டியவர், அரிச்சந்திரன் வேஷத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை என்று அம்மா சொல்வார். அவரை ஒரு தடவை மாணவர்கள் போட்ட பங்சாவானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். திரை உயர்ந்தது, பின்னால் அரண்மனை வரைந்த ஒரு படுதா. அரசன் தர்பார். அது முடிந்ததும் அந்தப் படுதா மேலே போய்த் தெருக் காட்சி வந்தது, அப்புறம் காடு, அப்புறம் பூந்தோட்டம். தாத்தா என் தோளைத் தட்டினார். "தர்பார் சீனு, தெரு சீனு, காட்டு சீனு! நாங்க வெச்சிருந்ததும் இதே நாலுதாம்மா" என்றார். காட்சி மாற்றுகிற நேரத்தில் திரைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பாட்டும் கூத்துமாகச் சிரிக்க வைத்தார்கள். "பபூனு வந்துட்டான்" என்று அவரே சத்தமாகச் சொல்லிவிட்டார், முன் வரிசையில் இருந்த மலாய்ப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கை கட்டவே இல்லை. ஆர்மோனியம் எந்தக் கட்டையில் போகிறது, அரசனாக நடித்த பையன் மூச்சை எங்கே விடுகிறான், வாள் பிடிக்கிற கை ஏன் தாழ்ந்து இருக்கிறது என்று காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் கண்டுபிடித்தது உண்மைதான். 1870-களில் பினாங்குக்குப் பார்சி நாடகக் கம்பெனிகள் வந்தன, அதைப் பார்த்துத்தான் அங்கே பங்சாவான் பிறந்தது. அதே பார்சி கம்பெனிகள் தமிழ்நாட்டிலும் சுற்றின, எழுதிய படுதாவும் ஆர்மோனியமும் நம்ம மேடைக்கு வந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகம் கப்பலேறி வந்து நம்ம தோட்டங்களில் கோயில் திடலில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், விடிய விடிய நடந்தது. ஆக, பங்சாவானும் நம்ம ராஜபார்ட் நாடகமும் ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு பாஷை பேசுகிற அக்காள் தங்கை. இதை ஒரு பேராசிரியர் வகுப்பில் விளக்கினால் நாற்பது பேருக்குப் போய்ச் சேரும். அந்தத் தாத்தா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து கடைத்தெரு முழுக்கச் சொன்னார், இப்போது அவர் வயசுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அடுத்தது எப்போது என்று கேட்கிறார்கள்.

இசைத் தேர்வுக் கச்சேரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் ஒருவர் மேடையில் தனியாக நின்று, தன் ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவதற்காக வாசிப்பார். கம்பூஸ் என்கிற மலாய் நரம்பு வாத்தியம், கமலான் என்கிற தாள வாத்தியக் குழு, பியானோ, வாய்ப்பாட்டு என்று எதுவும் இருக்கலாம். பெரிய கூட்டம் வராது. நாலு பேர் கூடுதலாக உட்கார்ந்து கை தட்டினால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெம்பு வரும் என்பதை நீங்கள் போய்த்தான் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை இதற்குக் கூட்டிப் போகலாம், ஒரு வாத்தியத்தை அவ்வளவு கிட்டத்தில் இருந்து கேட்கிற வாய்ப்பு நம்ம ஊரில் வேறெங்கே கிடைக்கும்.

ஐந்தாம் படிவத்தில் எழுதுகிற எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். சாயங்காலத்தில் வீட்டில் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் அவர்கள் பாடு தெரியும். கவிதை, நாடகம், நாவல் மூன்றும் படிக்க வேண்டும், பல பள்ளிகளில் அதற்கென்று வகுப்பு நேரமே கிடையாது, பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ உட்கார்ந்து படிக்கிறார்கள். பாடநூலில் நாடகத்தைப் படித்துவிட்டுப் பாத்திரப்படைப்பு எழுதுகிறார்கள், ஆனால் வாழ்க்கையில் ஒரு மேடை நாடகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை! நடிகன் வசனத்தை நிறுத்தி ஒரு பக்கம் திரும்பும்போது கூட்டம் அமைதியாகிறதே, அதை ஒரு தடவை உணர்ந்த பிள்ளைக்கு "நாடக உத்தி" என்ற கேள்வி பயமாகவே இருக்காது. கவிதை வாசிப்பும் அப்படித்தான். மரபுக் கவிதையை ஓசையோடு ஒருவர் வாசித்துக் கேட்டுவிட்டால் சீர் பிரிக்கிறது தானாக வரும். என் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறேன், மற்ற ஆசிரியர்களும் யோசித்துப் பாருங்கள்.

பகலில் போகிறவர்கள் பழைய வளாகத்தில் இருக்கிற சூலு புடிமான் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள். 1922-இல் கல்லூரி தொடங்கியபோது இருந்த அந்தக் கட்டடத்தில்தான் இப்போது தேசியக் கல்வி அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய மேசைகள், கரும்பலகை, புத்தகங்கள். நம்ம பெரியவர்கள் அதற்கு முன்னால் நின்று தங்கள் தோட்டப் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்க ஆள் வேண்டும், பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போவதற்கான விஷயங்கள். தேதியும் மண்டபமும் பல்கலைக்கழக அறிவிப்பில் வரும், சில நேரம் மாறும், அதனால் கிளம்புகிற நாளில் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வளாகங்கள் இருக்கின்றன, பழையது தஞ்சோங் மாலிம் ஊருக்குள்ளேயே, புதியது புரோட்டோன் சிட்டி பக்கம். எந்த வளாகம் என்று கேட்காமல் போனால் அலைச்சல்தான். வாசலில் ஜாகா (காவலாளி) கேட்டால் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லுங்கள், சுவரொட்டியின் படம் கைப்பேசியில் இருந்தால் காட்டுங்கள், அடையாள அட்டை (ஐசி) கையில் இருக்கட்டும். ஆண்கள் நீளக்கால்சட்டை, ஷூ, பெண்கள் புடவையோ பஞ்சாபி உடையோ போதும். அரைக்கால்சட்டை, ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், அரசாங்கக் கட்டடம் என்பதால் உள்ளே விடத் தயங்குவார்கள். இரவு நிகழ்ச்சி முடிந்து பஸ்ஸை நம்ப முடியாது, திரும்பி வர வண்டி ஏற்பாடு பண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த வண்டி விஷயம்தான் உண்மையான தடங்கல் என்று நினைக்கிறேன். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு பஸ் பிடிக்கிற கோயில் கமிட்டிகள், வருஷத்தில் ஒரு தடவை இதற்கும் ஒரு வேன் பிடிக்கலாம். பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன்மார்கள் ராத்திரியில் வண்டியைச் சும்மாதான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் எண்ணெய்க்காசு வந்துவிடும்.

அப்புறம், நிகழ்ச்சி நடத்துகிற தமிழ் மாணவர்களிடம் சில வேண்டுகோள்கள். உங்கள் மேல் இருக்கிற அன்பில் சொல்கிறேன். சுவரொட்டியை இன்ஸ்டாகிராமில் மட்டும் போடாதீர்கள். நம்ம ஊரில் சேதி பரவுகிற இடங்கள் வேறு: மளிகைக்கடைச் சுவர், முடிதிருத்தும் கடை, கோயில் அறிவிப்புப் பலகை, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் கொடுக்கிற நேரம். பத்துச் சுவரொட்டி அச்சடித்து, மோட்டாரில் ஒரு சுற்று வாருங்கள், நானே கூட வருகிறேன். எட்டு மணி என்று போட்டு ஒன்பதரைக்கு ஆரம்பிப்பதை விட்டுவிடுங்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன்னே எழுந்திருக்க வேண்டும், கார் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைத்தால் தோட்டத்துக் குடும்பங்கள் வர முடியும். சிறப்பு விருந்தினர்களின் உரைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாலை பொன்னாடை எல்லாம் முடிந்து கவிதை வாசிக்க ஒரு மாணவி மேடையேறும்போது பாதிக் கூட்டம் எழுந்து போயிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மேடையில் தோட்டத்து ஆட்களுக்கு இடம் கொடுங்கள். தோட்ட வாழ்க்கையைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறீர்கள், ஆய்வேடு எழுதுகிறீர்கள், சந்தோஷம். அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் இருபது நிமிஷப் பயணத்தில் இருக்கிறார்கள், அவர்களை அழைத்து ஒரு நாற்காலி போட்டுப் பேசச் சொல்லுங்கள். மரம் வெட்டும்போது பாடிய பாட்டு, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் இன்னும் சிலர் வாயில் இருக்கிறது. ஒப்பாரியை ஆய்வுக்கட்டுரையில் மேற்கோளாகப் படித்திருக்கிறேன், அதைப் பாடத் தெரிந்த ஒரு ஆயா எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அவரிடம் இதுவரை எந்த மாணவரும் வந்து உட்காரவில்லை. ஒரு பதிவுக் கருவியோடு வாருங்கள், கைப்பேசியே போதும். ராஜபார்ட் கட்டிய தாத்தாவை உங்கள் நாடக ஒத்திகைக்கு ஒரு நாள் கூப்பிட்டுப் பாருங்கள், அவர் வசனம் சொல்லிக் கொடுக்கிற விதத்தில் உங்கள் பாடப்புத்தகம் சொல்லாத பல விஷயங்கள் இருக்கும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள்.

கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942-இல் பிறந்த எழுத்தாளர் கே. எஸ். மணியம் தோட்டச் சூழலில் வளர்ந்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, தான் பார்த்த அந்த மனிதர்களையே நாவலாகவும் நாடகமாகவும் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார் என்பதால் நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியாமல் போய்விட்டது, அது பெரிய வருத்தம். அவரைப் போல ஒரு பிள்ளை இப்போதும் ஏதோ ஒரு தாமானில், ஏதோ ஒரு மாடி வீட்டில் இருக்கலாம். அந்தப் பிள்ளையை ஒரு மேடைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கிற வேலையாவது நாம் செய்யலாம்.

பேராங்கிலிருந்து ஒரு வேன் பேசியிருக்கிறேன், மாணவர்களின் நாடகத்துக்கும் தமிழ் மாணவர்களின் மாலை நிகழ்ச்சிக்கும். தாத்தா முன் இருக்கையைக் கேட்டு வாங்கிவிட்டார். மளிகைக்கடை அக்காவும் "யோசிக்கிறேன்" என்கிற அளவுக்கு வந்திருக்கிறார். பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வண்டிக்காசு வேண்டாம், மற்றவர்கள் முடிந்ததைக் கொடுங்கள். தேதி உறுதியானதும் கோயில் பலகையில் ஒட்டிவிடுகிறேன், வருகிறவர்கள் அதிலேயே பெயர் எழுதிவிடுங்கள்.